தடத்தைப் போட்டது யார்?



உங்கள் ஊர்க் கோடியில் போய் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தார்ச்சாலை போகும். இன்னொரு பக்கம், கேழ்வரகுக் கொல்லையின் ஓரமாக, புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு, ஏரிக்கரை வரை ஓர் ஒற்றையடித் தடம் போகும். தார்ச்சாலையை அரசாங்கம் போட்டது. இந்தத் தடத்தைப் போட்டது யார்?

இந்தக் கேள்வி உங்களுக்கு முன்பே தோன்றியிருந்தால், சபாஷ்! தினமும் காலில் படுகிற ஒன்றைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அறிவியல் தானாக வரும்.

விடையை மண்ணிலிருந்து தொடங்குவோம். உழுத நிலத்து மண்ணை ஒரு கை அள்ளிப் பாருங்கள். பொலபொலவென்று இருக்கும். மண் துகள்களுக்கு நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. மழைநீர் இறங்குவதும், காற்று போவதும், வேர் நுழைவதும் அந்த இடைவெளி வழியாகத்தான்.

பாட்டி படியில் பொரி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைதட்டி நிரப்பிய பிறகு உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினால், பொரி கீழே இறங்கிவிடும். பொரி குறையவில்லை. நடுவில் இருந்த இடைவெளிதான் குறைந்தது. நம் பாதம் மண்ணுக்குச் செய்வதும் அதைத்தான்.

நடக்கும்போது ஒரு கால் மேலே இருக்கும். அந்த நேரத்தில் உடம்பின் எடை முழுவதும் மற்றொரு காலின் கீழே உள்ள மண்ணில் இறங்கும். மண் இறுகும். இறுகிய மண்ணில் நீர் எளிதில் இறங்காது. விதை விழுந்தாலும் முளைக்கச் சிரமப்படும். முளைத்தாலும் வேர் கீழே போகாது. அதனால்தான் தடத்தின் நடுவே செடி இல்லை. ஓரத்தில் மட்டும் அருகம்புல் படர்ந்திருக்கும். அதன் வளரும் நுனிகள் தரையோடு தரையாக இருப்பதால், மிதித்தாலும் மறுபடி துளிர்க்கிறது. இதுவரை புரிந்ததா? சரி, மேலே போவோம்.

முதலில் ஒருவர் புதருக்குள் வழி கண்டுபிடித்து நடக்கிறார். கொஞ்சம் புல் சாய்கிறது. அடுத்து வருகிறவர் என்ன செய்வார்? நெருஞ்சி முள்ளில் கால் வைப்பாரா, புல் சாய்ந்த இடத்தில் வைப்பாரா? சாய்ந்த இடத்தில்தான். இப்போது அது இன்னும் சாயும். மூன்றாமவருக்கு இன்னும் எளிது. நடக்க நடக்கத் தடம் தெளிகிறது. தடம் தெளியத் தெளிய, அதில் நடப்பவர்கள் கூடுகிறார்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த டிர்க் ஹெல்பிங் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் இதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1997ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வந்தது. தங்கள் கணக்கில் அவர்கள் மூன்று செய்திகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மனிதர்கள் நேர்வழியில் போக விரும்புவார்கள். தெளிந்த தடம் அவர்களைத் தன் பக்கம் இழுக்கும். நடமாட்டம் நின்றால் புல் மறுபடி முளைத்துத் தடத்தை மூடும்.

இப்போது ஒரு கேள்வி. ஓர் ஊரில் மூன்று தெருக்கள். மூன்று தெருக்காரர்களும் ஒரே ஏரிக்குப் போகிறார்கள். எத்தனை தடங்கள் உண்டாகும்? மூன்று என்று சொல்லத் தோன்றும். பல இடங்களில் அப்படி ஆவதில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் வளைந்து வந்து நடுவில் ஒரே தடத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். கொஞ்சம் சுற்று என்றாலும் முள் இல்லாத வழி. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஆனாலும் பொதுவழி ஒன்று பிறந்துவிட்டது!

அடுத்து, மலைக்குப் போவோம். நம் தருமபுரி மாவட்டத்தில் வத்தல்மலை, சித்தேரி மலை, தீர்த்தமலை என்று மலைகளுக்குக் குறைவில்லை. பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களே கழுதை முதுகில் ஏறிப் போயிருக்கின்றன. இப்படிப்பட்ட மலைத்தடம் பெரும்பாலும் நேராக ஏறாது. வளைந்து வளைந்துதான் போகும். ஏன்?

நோட்டை எடுங்கள். மலையின் உயரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேராக ஏறும் வழியின் நீளம் 300 மீட்டர். ஓர் எட்டு அரை மீட்டர் என்றால், 600 எட்டுகள். ஒவ்வோர் எட்டுக்கும் சுமார் 17 சென்டிமீட்டர் உயர வேண்டும். வழி முழுக்க மாடிப்படி ஏறுகிற கஷ்டம் அது.

வளைந்து போகும் வழியின் நீளம் 1000 மீட்டர். அதில் 2000 எட்டுகள். ஒவ்வோர் எட்டுக்கும் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். ஏறும் மொத்த உயரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அதைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்துக்கொண்டால் மூச்சு வாங்காது. இன்னொரு நன்மையும் உண்டு. நேர்வழியில் மழைநீர் வேகமாகப் பாய்ந்து மண்ணை அரித்துவிடும். வளைந்த வழியில் அந்த வேகம் குறையும்.

மலையேற எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி அதைச் சொன்னார். இன்றைய அளவில் ஏறத்தாழ இப்படி வரும்: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படியானால் 5 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள தடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றரை மணி என்றீர்களா? கெட்டிக்காரப் பிள்ளைகள்!

பழைய தடங்களின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும். தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள்.

தரையிலேயே இறக்கி வைத்தால் என்ன? அங்கேதான் இயற்பியல் இருக்கிறது. 20 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் தூக்க, கிட்டத்தட்ட 300 ஜூல் ஆற்றல் வேண்டும். குனிந்து தூக்குவதால் இடுப்பும் வலிக்கும். துணைக்கு ஓர் ஆளும் தேவைப்படும். சுமைதாங்கியிலிருந்து தலைக்கு மாற்றினால், தூக்க வேண்டிய உயரம் ஒரு சாண் அளவுதான். தனியாகவே தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். பிள்ளைப்பேற்றின்போது இறந்துபோன பெண்ணின் நினைவாக இந்தக் கல்லை நடுவது தமிழ்நாட்டில் வழக்கமாக இருந்தது. ஒரு வீட்டின் துக்கம், வழிப்போக்கர் எல்லோருக்கும் உதவியாக மாறியிருக்கிறது.

தூரம் காட்டும் கல்லும் நம் மாவட்டத்தில் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் தகடூர் என்று பெயர் பெற்ற தருமபுரிப் பகுதியை அதியமான் மரபினர் ஆண்டார்கள். இங்கே கிடைத்த இரண்டு பழைய காதக்கற்களில் ‘அதியமான் பெருவழி’ என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. நாவற்தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்று அவை சொல்கின்றன. காதம் என்பது பழைய தூர அளவு. ஒரு கல்லில் 29 காதம், இன்னொன்றில் 27 காதம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று இவற்றைச் சொல்கிறார்கள்.

இவற்றில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எழுத்தோடு குழிகளும் தோண்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று, பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்று, ஒன்றைக் குறிக்கும். இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி என்றால் எத்தனை? ஆமாம், 29. படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். இருட்டிலும் எண்ணலாம்!

வழியைக் காப்பதில் மற்ற நாட்டார் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 1949இல் ஒரு சட்டம் வந்தது. கிராமத்து நடைபாதைகளை எல்லாம் கணக்கெடுத்து வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அப்படிக் குறித்த பாதை ஒருவருடைய சொந்த வயல் வழியே போனாலும், அதில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அங்கே சின்னஞ்சிறு ஊர்களிலும் இந்தப் பாதைகளுக்கு வழிகாட்டிப் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்த் தடங்களுக்கு வரைபடம் யார் போடுவது? நீங்கள்தான்!

செய்முறை எளிது. பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் அளந்து, அதை எத்தனை எட்டில் நடக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு தடத்தில் எட்டுகளை எண்ணியே தூரத்தைச் சொல்லிவிடலாம். சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு. புளியமரம், கிணறு, கோயில், சுமைதாங்கி, நடுகல் எல்லாவற்றையும் குறியுங்கள். தடம் எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்றும் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால், மூடிப்போன தடங்களையும் சொல்வார்கள். அவற்றைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தனியாகப் போகாதீர்கள், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலில் செருப்பும் கையில் தண்ணீரும் இருக்கட்டும். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

நடக்க ஆள் இல்லாத தடத்தைச் சில மழைக்காலங்களிலேயே புல் மூடிவிடும். அதனால் வரைவதோடு நிறுத்தாமல் நடங்கள். வரைந்த படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டி, உங்களுக்குப் பின்னால் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கும் வழி சொல்லுங்கள்.