20 நிமிட தாமதத்தால் பறிபோன 10 லட்சம் டாலர்! கிரவுட்சோர்சிங் என்றால் என்ன?

ஒரு நிறுவனம் தனக்குள்ள சிக்கலைப் பொதுவெளியில் வைத்து, ‘யார் வேண்டுமானாலும் தீர்க்கலாம், பரிசு உண்டு’ என்று அறிவிப்பது கிரவுட்சோர்சிங்கில் ஒரு வகை. ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான். ஆனா, பரிசு ஒருத்தருக்குத்தான்! இதற்குச் சரியான உதாரணம் நெட்ஃப்ளிக்ஸ்.

என்ன சிக்கல்?

2006-ல் நெட்ஃப்ளிக்ஸ், டிவிடிக்களைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்ட அமெரிக்க நிறுவனம். ஒரு படத்துக்கு வாடிக்கையாளர் எத்தனை ஸ்டார் கொடுப்பார் என்று கணிக்க ‘சினிமேட்ச்’ என்ற மென்பொருளை வைத்திருந்தது. அதைவிட 10% துல்லியமாகக் கணித்தால் 10 லட்சம் டாலர் என அக்டோபரில் அறிவித்தது. சுமார் 4.8 லட்சம் வாடிக்கையாளர்கள் கொடுத்த 10 கோடி ரேட்டிங்குகளையும், பெயர்களை நீக்கிவிட்டு, போட்டியாளர்களிடம் கொடுத்தது.

எப்படித் தீர்ந்தது?

40,000-க்கும் மேற்பட்ட அணிகள் களமிறங்கின. முதல் வருஷத்திலேயே 8 சதவீதத்தைத் தாண்டியாச்சு. மிச்சமிருந்த கொஞ்ச தூரத்துக்குத்தான் இன்னும் 2 வருஷம் ஆனது. எதிரெதிராக மோதிய அணிகள் கைகோத்து, தங்கள் கணக்கீடுகளை ஒன்றாகச் சேர்த்த பிறகே இலக்கு வசமானது.

2009 ஜூலையில் இரண்டு அணிகள் ஒரே அளவு முன்னேற்றம் காட்டின: 10.06%. சுமார் 20 நிமிடம் முன்னதாக விடையை அனுப்பிய 7 பேர் அணிக்கு முழுப் பரிசு. மற்ற அணிக்கு ஒண்ணுமே இல்லை.

யாருக்கு லாபம்?

ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு நெட்ஃப்ளிக்ஸுக்குப் பரிசுத் தொகையிலேயே கிடைத்தது. ஆனா, பரிசு வென்ற முழு மென்பொருளை அது பயன்படுத்தவே இல்லை. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கான வேலை, கிடைக்கும் பலனைவிடப் பெரிது என முடிவு செய்தது. போட்டியின் நடுவே கிடைத்த 2 வழிமுறைகளை மட்டும் எடுத்துக்கொண்டது.

வாடிக்கையாளர்கள் நிலை?

பெயரை நீக்கினால் போதும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், ஐஎம்டிபி தளத்தில் வெளிப்படையாக இருந்த ரேட்டிங்குகளோடு ஒப்பிட்டு, சிலரை அடையாளம் காண முடியும் என்று காட்டினர். ஒருவர் என்ன படம் பார்க்கிறார் என்பதிலிருந்து அவரது அரசியலையும் அந்தரங்கத்தையும் ஊகிக்கலாமே! வழக்கு வந்தது. 2010-ல் இரண்டாவது போட்டியை நெட்ஃப்ளிக்ஸ் கைவிட்டது.

எதைக் கவனிக்கணும்?

இப்படியொரு போட்டியில் இறங்கும் முன் 2 கேள்விகள் கேளுங்க: தோற்றால் என் ஐடியா யாருக்குச் சொந்தம்? இதில் யாருடைய தகவல்கள் வெளியே போகுது?