மறுகரையில் படகு கட்ட இடமுண்டா?

தீவில் கொட்டேஜ் வாங்கும் ஆசை ரொறன்ரோத் தமிழ்க் குடும்பங்களையும் தொற்றியிருக்கிறது. விலை, வடக்கின் குளிர், பாறைமேல் நிற்கும் பைன் மரங்கள், சூரியன் மறையும் திசை எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். காரை எங்கே விடுவது, படகை எங்கே கட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு. ஜோர்ஜியன் விரிகுடாவிலும் மஸ்கோகா ஏரிகளிலும் கோடைதோறும் அயலவர்களை முட்டவைப்பது அந்தக் கேள்விதான்.

வெளியே பார்த்தால் அது டொக் அனுமதிச் சண்டையாகத் தெரியும். ஒன்ராறியோவில் ஏரியின் அடித்தளம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். டொக்கைத் தாங்கும் கட்டுமானம் அந்த அடித்தளத்தில் 15 சதுர மீட்டருக்கு மேல் இடம்பிடித்தால் மாகாண அனுமதி வேண்டும். பல ஏரிகளில் கரையோரமாக 66 அடி அகலத்துக்கு அந்தக் காலத்து நில அளவையாளர்கள் பாதைக்கென்று ஒதுக்கிவிட்டுப் போன துண்டு இன்னும் நகரசபையின் பெயரில் கிடக்கிறது. தன் வீட்டு முற்றம் என்று நினைத்து டொக்கைத் தொடுத்தவர், அந்த முற்றமே தன்னுடையதல்ல என்று வீட்டை விற்கும்போது அறிகிறார். 386 கிலோமீற்றர் நீளமான ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழியில் என்றால் மத்திய அரசின் அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கிடையில் தண்ணீரும் ஒரு மட்டத்தில் நிற்பதில்லை. ஹூரன் ஏரியும் அதன் அங்கமான ஜோர்ஜியன் விரிகுடாவும் 2013 ஜனவரியில் பதிவுகளிலேயே மிகக் கீழான மட்டத்துக்கு இறங்கின. டொக்குகள் காய்ந்த பாறைமேல் நின்றன. 2020 கோடையிலோ அதே கரைகளில் டொக் பலகைகள் தண்ணீருக்குள் போயின. 1986இல் பதிவான உச்சத்துக்கும் 2013இன் தாழ்வுக்கும் இடையே கிட்டத்தட்ட 2 மீற்றர். டொக்கை நீட்டுவதும் உயர்த்துவதும் பலருக்கு ஆடம்பரமல்ல, கரையேறுவதற்கே அதுதான் வழி. பழைய டொக்குகளின் கீழே மரக்கட்டைகளை அடுக்கி, பெட்டிபோலப் பிணைத்து, உள்ளே கல் நிரப்பியிருக்கும். குளிர்காலத்தில் பனிக்கட்டியை வெட்டித் திறந்து அந்தப் பெட்டியை இறக்குவார்கள். ஒருமுறை இறக்கியதை நகர்த்துவது சுலபமா?

ஆனாலும் தீவிலுள்ள டொக்கின் சிக்கல் எப்படியோ தீர்ந்துவிடும். தீராதது நிலப்பக்கத்து இறங்குதுறை.

யூலை மாத வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்படியொரு துறையில் நின்று பாருங்கள். ஐஸ்பெட்டிகள், புரொப்பேன் சிலிண்டர்கள், குடிதண்ணீர்க் கலன்கள், கூரைத்தகடு, கிழவி ஒருவரின் சக்கர நாற்காலி. கட்ட இடமில்லாமல் படகோடு படகாக இரண்டு வரிசை. இரண்டு மணிநேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது என்ற பலகைக்குக் கீழே, வாரக்கடைசி முழுவதும் நிற்கப்போகும் படகைக் கட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். அவருக்கு வேறு இடம் இல்லை. பக்கத்து மரீனாவில் காத்திருப்போர் பட்டியல் நீளம். மரீனா விற்கப்பட்டு அடுக்குமாடி வீடுகளாக மாறினால் அந்தப் பட்டியலும் இல்லை.

சட்டம் கொஞ்சம் துணைநிற்கிறது. ஒன்ராறியோவின் பாதை அணுகல் சட்டப்படி, படகுத்துறைக்குப் போகும் ஒரே வழியை நிலச் சொந்தக்காரர் தன் எண்ணத்துக்கு மறித்துவிட முடியாது. பொதுவாக நீதிமன்றத்திடம் போயாக வேண்டும். ஆனால் பாதை திறந்திருப்பது வேறு, பாதையின் முடிவில் காரை விட்டுப் படகைக் கட்டிவைப்பது வேறு.

“தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் கட்டுகிறோம்” என்பது எல்லாத் தீவுக்காரர்களும் சொல்லும் வார்த்தை. அதை உரிமையாக்க 20 ஆண்டுகள் இடையறாமல், வெளிப்படையாக, யாருடைய அனுமதியும் இல்லாமல் பாவித்ததை நிரூபிக்க வேண்டும். அதுவும், காணி இன்றைய உரித்துப் பதிவு முறைக்கு மாறுவதற்கு முன்பே அந்த 20 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். மாறியபின் ஓடிய காலம் கணக்கில் வராது. சாட்சி சொல்லவேண்டிய முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பழைய உரிமையாளர் நல்ல மனதோடு “பரவாயில்லை, கட்டுங்கள்” என்று ஒரு கடிதம் எழுதியிருந்தால், அந்தக் கடிதமே வழக்கைக் கவிழ்த்துவிடும். அனுமதியோடு பாவித்தது உரிமையாகாது. இதைப்போல மனதை உறுத்தும் விதி வேறில்லை என்பேன். நல்ல அயலவராக நடந்துகொண்டதற்குப் பிள்ளைகள் தண்டனை அனுபவிக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகள் பலவற்றில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்களின் பிள்ளைகள் நாம். இங்கே அப்படியொரு வரி உறுதியில் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் கேட்காமல் கையெழுத்துப் போடலாமா?

துறைக்கு அண்மையில் வாழ்பவர்களுக்கும் குறையுண்டு: தெருவோரமெல்லாம் கார், இரவில் சத்தம். மீன்கள் முட்டையிடும் ஆழமற்ற கரைகளை டொக்குகள் மூடுகின்றன என்ற கவலையும் நியாயமானதே.

ஆனால் எல்லாத் தீவுக்காரர்களும் விடுமுறைக்காரர்கள் அல்லர். ஜோர்ஜியன் விரிகுடாவின் கிறிஸ்டியன் தீவில் பியூசோலேய் முதற்குடி மக்கள் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள். அவர்களை மறுகரையோடு இணைப்பது சீடர் முனைத் துறையும் ஃபெரியும்தான். வைத்தியரிடம் போவதற்கும் அதே துறை, வாகனத்துக்கு எரிபொருள் போவதற்கும் அதே துறை. ஓய்வுபெற்றபின் தீவிலேயே தங்கிவிட்ட முதியவர்களும் வேறு தீவுகளில் இருக்கிறார்கள். நெஞ்சுவலி வந்தால் அம்புலன்ஸ் வந்து நிற்கவேண்டியது மறுகரையில். அங்கே படகு அணைய இடமில்லாவிட்டால்?

இந்த இடத்தில்தான் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. மரீனா ஒன்றின் காணிப் பயன்பாட்டு வகையை மாற்ற விண்ணப்பம் வந்தால், தபாலில் அறிவித்தல் போவது 120 மீற்றருக்குள் காணி வைத்திருப்பவர்களுக்கு. தண்ணீருக்கு அப்பால் நான்கு கிலோமீற்றரில் இருக்கும் தீவுக்காரருக்கு, அந்த மரீனாவை விட்டால் வேறு வழியே இல்லாவிட்டாலும், கடிதம் வராது. வாயிலில் நடும் அறிவித்தல் பலகையைத் தற்செயலாகக் கண்டால் உண்டு. காணி வகை மாறுவதற்கு முன் அங்கே படகு கட்டும் ஒவ்வொரு தீவுக் குடும்பத்துக்கும் அறிவிக்க வேண்டும். இல்லாமற்போகும் ஒவ்வொரு படகு இடத்துக்கும் ஈடாக அதே கரையில் இன்னோர் இடம் காட்ட வேண்டும். உள்ளூர்ச் சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் தீவில் காணி உள்ளவர்கள் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். ஒன்ராறியோவில் காணி வைத்திருக்கும் கனடியக் குடிமக்களுக்கு, வீடு வேறு ஊரில் இருந்தாலும், அந்தச் சபைத் தேர்தலில் வாக்குரிமை உண்டு.