ஜியாகிரபி படித்தால் என்ன வேலை?

ப்ளஸ் டூ முடிவுகள் வரும் மே மாதத்தில், ஆர்.கே.புரமானாலும் மயூர் விஹாரானாலும் டில்லியில் நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுதான். பி.டெக். கிடைக்குமா, இல்லாவிட்டால் பி.காம். ஆனர்ஸா? நடுவில் பையனோ பெண்ணோ தயங்கித் தயங்கி "ஜியாகிரபி" என்று சொல்லிவிட்டால் கூடத்தில் மௌனம். "அதைப் படிச்சு வாத்தியாராப் போகப் போறியா?" என்பார் அப்பா. (வாத்தியார் வேலை அவ்வளவு கேவலமா என்ன?)

நாம் படித்த புவியியல் வேறு. நதிகளின் பெயரை மனப்பாடம் செய்தோம், பரீட்சை முடிந்ததும் மறந்தோம். இன்று செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் விரித்து, வெள்ளம் எந்தத் தெருவில் புகும், நிலத்தடி நீர் எங்கே வற்றுகிறது என்று கணக்கிடும் படிப்பு அது. டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. மிராண்டா ஹவுஸ், கிரோரி மால் போன்ற கல்லூரிகளில் பி.ஏ. ஆனர்ஸ் படிக்கலாம். 2022 முதல் சேர்க்கை சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு மூலம்தான்.

இதன் நெருங்கிய உறவு நிலத்தோற்றச் சூழலியல். இந்தப் பெயரை 1939இல் வைத்தவர் கார்ல் ட்ரோல் என்ற ஜெர்மானியப் புவியியலாளர். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தபோது, காடு, வயல், ஓடை எல்லாம் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பது அவருக்குப் புலப்பட்டது. மரத்தைத் தனியாக, மண்ணைத் தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்ப்பதுதான் இதன் சாரம். உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். நம் டில்லி ரிட்ஜ் ஆரவல்லி மலையின் வால். இன்று சாலைகளால் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அங்கே மண்டிக் கிடக்கும் 'விலாயத்தி கீக்கர்' வேறெதுவுமில்லை, ஊரில் நாம் திட்டித் தீர்க்கும் சீமைக் கருவேலமேதான்! வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது. அதை எடுத்துவிட்டு எதை வைப்பது, துண்டுகளை எப்படி இணைப்பது என்பதெல்லாம் இந்தப் படிப்பின் கேள்விகள். வசீராபாத் பக்கம் உள்ள யமுனா பல்லுயிர்ப் பூங்காவைப் போய்ப் பாருங்கள். டில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் துணையோடு பாழ்நிலத்தை ஈரநிலமாக மாற்றியிருக்கிறார்கள்.

மேற்படிப்புக்கு ஜெர்மனி நல்ல இடம். மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனி நிலையமே இருக்கிறது. 1456இல் தொடங்கிய கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி.யை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். சதுப்பு நில ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊர் அது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள கரிச்சதுப்புகள், எல்லாக் காடுகளையும்விட அதிகக் கரியைப் பிடித்து வைத்திருக்கின்றன.

செலவு? பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வியூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் கட்டணம் இல்லை என்பதற்காக எல்லாம் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. விசாவுக்கு ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் 10 லட்சத்துக்கு மேல். சான்றிதழ்களுக்கு ஏ.பி.எஸ். அத்தாட்சியும் 2022 நவம்பர் முதல் கட்டாயம். உதவித்தொகை விவரங்களை டாட் நிறுவனத்தின் டில்லி அலுவலகமே தருகிறது. இதற்காக ஏஜெண்டிடம் பணத்தைக் கொட்டுவது வீண் என்பேன்.

மொழி தெரியாமல் அங்கே காலம் தள்ளுவது கஷ்டம். கஸ்தூர்பா காந்தி மார்க்கில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. மொழியையே பட்டப்படிப்பாக எடுக்க விரும்பினால் ஜே.என்.யு.வின் பி.ஏ. ஆனர்ஸில் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கலாம். இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பு எல்லாம் அதில் அடக்கம். ஜெர்மானியர் நம் மொழிக்கு வந்ததும் இப்படித்தான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு மணலில் எழுத்துக் கற்றார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் பத்தே ஆண்டுகளில் ஹாலே நகரில் அச்சேறியது.

வேலை விஷயத்தை மறைக்கக் கூடாது. சாஃப்ட்வேர் சம்பளம் ஆரம்பத்தில் வராது. வரைபட நிறுவனங்கள், சர்வே ஆஃப் இந்தியா, பேரிடர் மேலாண்மை என்று இடங்கள் உண்டு. டேராடூனில் தொலையுணர்வுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஐ.ஏ.எஸ். எழுதுபவர்களில் பலர் புவியியலை விருப்பப் பாடமாக எடுப்பதும் தெரிந்ததே. சில வீடுகளில் பெண் கேட்டால் "சரி, கல்யாணம் வரைக்கும் ஏதோ படிக்கட்டும்" என்று ஒப்புக்கொள்கிறார்கள். பையன் கேட்டால்தான் சண்டை. இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதினொன்றாம் வகுப்பிலேயே ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பி.ஏ. முடிவதற்குள் பி1 நிலையைத் தாராளமாகத் தாண்டிவிடலாம்.