வடபுலத்தார் எட்டா

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் பல உள. அவற்றின் ஓசையைக் கேட்டு வளரும் மாணவர்க்குக் கொல்லுலைக் கதையொன்று கூறுவோம்.

ஐரோப்பாவின் வடபகுதியில் வாழ்ந்த பண்டை நார்ஸ் மக்கள் இடிக்குரிய தெய்வமாகத் தோர் என்பவனை வணங்கினர். அவன் மனைவி சிவ் என்பாள். குறும்பே தொழிலாகக் கொண்ட லோகி என்பான் அவளது கூந்தலை அறுத்துவிட்டான். பின்பு தோரின் சினத்துக்கு அஞ்சிக் குள்ளர்களைக் கொண்டு பொன்னாலேயே கூந்தல் செய்வித்தான். அதனினும் சிறந்த பொருள் செய்ய இயலுமோ என வேறு இரு குள்ளரோடு, தன் தலையையே பணயமாக வைத்துப் பந்தயமும் கட்டினான். அவர்கள் தோருக்குச் சம்மட்டி வடிக்குங்கால், ஈயின் உருக்கொண்டு, துருத்தி ஊதுவோனின் இமையைக் கடித்தான். குருதி கண்ணை மறைத்தது. துடைப்பதற்கு அவன் கையெடுத்தான். துருத்தி ஒரு கணம் நின்றது. சம்மட்டியின் காம்பு குறுகிப்போயிற்று! ஆயினும் அதுவே தலைசிறந்தது எனத் தெய்வங்கள் தீர்ப்பளித்தன.

இக்கதையை எழுதிவைத்தவர் ஐஸ்லாந்து நாட்டு ஸ்நோரி என்பார். அவர் கிறித்தவர், பழந்தெய்வங்களை வழிபட்டவரல்லர். பின் எதற்காக எழுதினார்? அந்நாட்டுப் புலவர் பொன்னைச் ‘சிவ்வின் கூந்தல்’ என்று பாடுவர். முப்புரம் எரித்த கதையை அறியாதார்க்கு ‘முப்புரம் எரித்தவன்’ யாரெனத் தெரியுமா? அதுபோலவே, கதை மறந்தால் பாட்டும் விளங்காது. ஆதலின் இளம்புலவர்க்குப் பாடநூலாக 1220ஆம் ஆண்டளவில் ‘எட்டா’வை இயற்றினார். (நம் ‘ஏடு’ என்னும் சொல்லோடு இதற்கு உறவு காட்டுவார் உளராயின் நம்பற்க, அது வெறும் ஒலியொப்புமையே.)

எட்டா என்னும் பெயரால் பழம்பாடல்களின் தொகுப்பு ஒன்றும் வழங்குகிறது. அப்பாடல்களுட் பெரும்பாலானவை, 1270ஆம் ஆண்டளவில் கன்றின் தோலில் எழுதப்பெற்ற ஒரே சுவடியால் பிழைத்தவை. 1643இல் ஆயர் ஒருவர் கைக்கு வந்த அச்சுவடி, 1662இல் டென்மார்க்கு மன்னருக்கு அனுப்பப்பெற்றது. நம் தரங்கம்பாடிக் கோட்டையும் அந்நாளில் டேனியர் வசமே இருந்தது. 1971 ஏப்ரல் 21ஆம் நாள் அது கப்பலில் ஐஸ்லாந்துக்கு மீண்டபோது, துறைமுகத்தில் மக்கள் திரண்டு வரவேற்றனர்.

மீண்டவை 45 ஏடுகள். இடையில் எட்டு ஏடுகள் இல. 1904இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லாமையை இங்கு நினைக்கலாம். காணாத எட்டு ஏடுகள், பெரும்பாம்பைக் கொன்ற வீரன் சிகுர்த்தைப் பற்றியவை. அப்பாடல்களைக் கற்றறிந்த ஒருவர் எழுதிய ‘வோல்சுங்கர் கதை’ என்னும் உரைநடை நூலால், அவற்றிலிருந்த செய்தியை ஒருவாறு அறிகிறோம். பாட்டுத்தான் கிடைக்கவில்லை.