குழாயில் ஓட்டையா? தண்ணீர் போவதோடு நிற்காது, அழுக்கும் வரும்!

அடுப்பில் பால் பொங்குகிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கு நேரமாகிறது. குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றுதான் வருகிறது! எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை? பிளம்பருக்குச் சொன்னால், "இதோ வந்துட்டேம்மா" என்பார். அந்த 'இதோ' சில சமயம் மறுநாள் சாயங்காலம் வரை நீளும்.

அதுவரை நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஸ்பானர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வரும் வழி தெரிந்தால் போதும்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியில் எங்கள் வீட்டு வழி இது: தெருக்குழாய்த் தண்ணீரோ, லாரித் தண்ணீரோ முதலில் தரைக்கடியில் உள்ள சம்ப்பில் இறங்கும். அங்கிருந்து மோட்டார் இழுத்து மாடித் தொட்டிக்கு ஏற்றும். தொட்டியிலிருந்து இறங்கி சமையலறை, குளியலறை, கழிப்பறை என்று பிரியும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கேட் வால்வு. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள். எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்து, பெயிண்டால் எழுதி வையுங்கள். நடு ராத்திரியில் குழாய் உடைந்து தண்ணீர் பீறிடும்போது அந்த எழுத்துதான் கைகொடுக்கும்.

ஒரு குழாயா, எல்லாக் குழாயுமா?

தண்ணீர் வரவில்லை என்றால் முதல் கேள்வி இதுதான்.

ஒரு குழாயில் மட்டும் வரவில்லையா? கோளாறு அந்தக் குழாயிலேயேதான். குழாய் முனையில் சின்னச் சல்லடை இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் மணலும் உப்புக் கட்டியும் கொட்டும். வினிகரிலோ எலுமிச்சம்பழச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மாதம் ஒரு முறை இதைச் செய்வது நல்லது. ஷவர் துவாரங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

எல்லாக் குழாயிலும் வரவில்லையா? தொட்டியை எட்டிப் பாருங்கள். தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் கீழே வரவில்லை என்றால், குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டி சுத்தமாகக் காலியாகி மறுபடி நிரம்பும்போது இப்படி ஆகும். 2019 கோடையில் எங்கள் பக்கத்துச் செம்பரம்பாக்கம் உட்பட சென்னைக்குத் தண்ணீர் தரும் நாலு ஏரிகளும் வறண்டு, லாரியை நம்பி நாங்கள் காலம் தள்ளியபோது, இந்தக் காற்று அடைப்பு வீட்டுக்கு வீடு வந்தது.

எல்லாக் குழாய்களையும் முழுக்கத் திறந்து சற்று நேரம் விடுங்கள். காற்று புஸ் புஸ்ஸென்று வெளியேறி, பிறகு தண்ணீர் வரும். அடிக்கடி இப்படி ஆனால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், தொட்டியின் உயரத்தைத் தாண்டி நிற்கிற மாதிரி ஒரு ஏர் பைப் வைக்கச் சொல்லுங்கள். தொல்லை விட்டது.

மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை!

உடனே சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்து கருகிவிடும். முதலில் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சம்ப்புக்குள் இறங்கும் குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வில் மண்ணோ தூசியோ மாட்டியிருக்கலாம். அது சரியாக மூடாவிட்டால் குழாயில் நிற்கும் தண்ணீர் சம்ப்பிலேயே இறங்கி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டாரின் மேல் உள்ள திருகைக் கழற்றி, நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்றி மூடிப் போட்டுப் பாருங்கள். தினமும் இப்படி ஊற்ற வேண்டியிருந்தால் ஃபுட் வால்வை மாற்ற வேண்டியதுதான். மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகினால் தொடவே தொடாதீர்கள். அது எலெக்ட்ரீஷியன் வேலை.

ராத்திரி வைக்கும் அடையாளம்

சொட்டும் குழாய் கண்ணுக்குத் தெரியும். அதன் கீழே ஒரு மணி நேரம் டம்ளர் வைத்துப் பாருங்கள். கால் லிட்டர் சேர்ந்தால் நாளைக்கு 6 லிட்டர், மாதத்திற்கு 180 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம்! பெரும்பாலும் ஒரு வாஷரை மாற்றினால் சரியாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு ஒரு வழி சொல்கிறேன். படுக்கப்போகுமுன் மோட்டாரை அணைத்து, தொட்டியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சம்ப்பில் ஒரு நீளக் கழியை விட்டு, ஈரம் எதுவரை என்று குறியுங்கள். ராத்திரி யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. காலையில் தொட்டித் தண்ணீர் குறைந்திருந்தால் குழாய்களில் கசிவு. சம்ப்பில் குறைந்திருந்தால் அதன் சுவரில் விரிசல்.

ஃப்ளஷ் டேங்கில் சந்தேகமா? துணிக்குப் போடும் சொட்டு நீலம் நாலு சொட்டு விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே அரை மணியில் கீழே நீலம் தெரிந்தால் கசிகிறது.

ஓட்டைக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு

"தண்ணி கொஞ்சம் வீணாகுது, அவ்வளவுதானே" என்று நினைக்கிறோம். அவ்வளவுதான் இல்லை. தண்ணீர் வெளியே போகிற ஓட்டை வழியாக அழுக்கும் உள்ளே வரும். தெருக்குழாயில் தண்ணீர் நின்றதும் குழாய் வெறுமையாகிறது. அப்போது பக்கத்தில் தேங்கிய சாக்கடை நீர் விரிசல் வழியே நுழைகிறது. சம்ப்பில் தண்ணீர் குறையும்போது வெளியே மண்ணில் ஊறிய நீர் சுவர் வழியே இறங்குகிறது.

ஒரு மழைக்காலத்தில் எதிர்வீட்டு இளம் தாய் கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள். "அக்கா, இந்த மாசத்துல ரெண்டாவது தடவையா வயித்தால போகுது. குடிக்கிற தண்ணிய காய்ச்சித்தானே குடுக்கிறேன்?" என்றாள்.

"பால் பாட்டிலை எதுல கழுவுறே?"

"குழாய்த் தண்ணிலதான்க்கா."

முதலில் குழந்தையை டாக்டரிடம் அனுப்பினோம். ஓ.ஆர்.எஸ். கொடுத்து, தாய்ப்பாலையும் நிறுத்தாதே என்றார். பிறகு சம்ப் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். சுவரின் ஒரு மூலையில் கறுப்பாக ஈரம் வழிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் வெளியே ஒரு சாண் தூரத்தில் சமையலறைக் கழிவுக்குழாய், உடைந்த நிலையில்! குழாயைத் தள்ளிப் போட்டு, சம்ப்பைக் காயவைத்துப் பூசிய பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கதை அல்ல. 1854-ல் லண்டனில் பிராட் தெருவில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், இறந்தவர்கள் ஒரே அடிபம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். பின்னால் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கிணற்றுக்கு மூன்றடிக்குள் ஒரு வீட்டு மலக்குழி இருந்தது. அதன் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது. நோயுற்ற ஒரு பச்சைக் குழந்தையின் துணியை அலசிய நீரைத் தாய் அதில்தான் கொட்டியிருந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

ஆகவே தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, வாடை வந்தாலோ, மழைக்குப் பின் சம்ப்பில் தானாக மட்டம் உயர்ந்தாலோ அலட்சியம் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சம்ப்புக்குள் வெள்ளநீர் இறங்கிய வீடுகள் எத்தனையோ!

பிளீச்சிங் பவுடர் கணக்கு

பழுது பார்த்து, சம்ப்பையும் தொட்டியையும் கழுவி நிரப்பிய பின் கிருமி நீக்க வேண்டும். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2½ கிராம். சம்ப்பின் நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 6, 5, 5 அடி என்றால் 150 கன அடி, 4,200 லிட்டர். அதற்கு 10½ கிராம் போதும்.

பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிஷம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டு, தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கவும், பாட்டில் அலசவும் மட்டும் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறிய நீர்தான்.

மறக்கக் கூடாதவை

சம்ப் மூடி எப்போதும் பூட்டியே இருக்கட்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் திறந்த சம்ப் எமன். ஆழமான சம்ப்பில் யாரையும் தனியாக இறக்காதீர்கள். உள்ளே மூச்சு முட்டும். தொட்டியின் ஏர் பைப் வாயில் கொசு நுழையாமல் வலைத்துணி கட்டுங்கள். வீட்டில் இரண்டு வாஷர், ஒரு டெஃப்லான் டேப், ஒரு ஸ்பானர் இருக்கட்டும்.

பிளம்பர் வந்ததும், "தண்ணி வரலைப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தொட்டியில தண்ணி இருக்கு, சமையலறைக் குழாயில மட்டும் வரலை, சல்லடையைக் கழுவிப் பார்த்தாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும், கூலியும் குறையும்.