ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும் பாடநூல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியல் அறிமுக வகுப்பில் சேரும் மாணவர் பலர் அதன்பின் அத்துறையின் இன்னொரு நூலைத் தொடுவதேயில்லை என்பதால், மனித மனத்தைப் பற்றி அந்த ஒரே பாடநூல் சொல்வதுதான் அவர்களிடம் கடைசிவரை தங்கிவிடுகிறது. அந்நூலைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் முதலில் விலையைப் பார்ப்பது நியாயமே. 2014-இல் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட உளவியல் நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஒரு நூலின் நேர்மையை அறிய அதைவிட நல்ல வழி, எல்லாப் பாடநூல்களிலும் திரும்பத் திரும்ப வரும் பழைய கதைகளை அது எவ்வாறு சொல்கிறது என்று பார்ப்பதாகும்.

1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது, 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவரும் காவல்துறையை அழைக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பாடநூல்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. 2007-இல் மேனிங், லெவின், காலின்ஸ் ஆகிய மூவர் வழக்கு விசாரணை ஆவணங்களை ஆராய்ந்து, அந்த 38 பேர் கதைக்குச் சான்றில்லை என்று காட்டினார்கள். ஒருவர் சன்னலிலிருந்து போட்ட சத்தத்தில் கொலையாளி முதலில் விலகியோடினான். இரண்டாம் தாக்குதல் கட்டடத்தின் உட்புறப் படிக்கட்டருகே, பெரும்பாலோர் கண்ணுக்குப் படாத இடத்தில் நடந்தது.

கதை தளர்ந்தாலும் அதிலிருந்து பிறந்த ஆய்வு தளரவில்லை. பலர் சூழ இருக்கையில் ஒவ்வொருவரும் உதவ முன்வருவது குறைந்துபோவதைப் பார்வையாளர் விளைவு என்பார்கள். 1968-இல் டார்லி, லட்டானே நடத்திய சோதனையில், பேச்சுக்கருவியின் மறுமுனையில் ஒருவர் வலிப்பால் தவிப்பதைத் தாம் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அக்குரல் அடங்குமுன் உதவி தேடினர், இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களிலோ 31 விழுக்காட்டினரே தேடினர். செய்தித்தாளின் பிழையையும் சோதனையின் முடிவையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் நூல், சான்றை எடைபோடும் பழக்கத்தையே மாணவருக்குக் கற்பித்துவிடுகிறது. எந்த வினாத்தொகுப்பும் அதற்கு ஈடாகாது.

ஆல்பர்ட் என்ற குழந்தையின் கதையையும் இவ்வாறே தேடிப் படிக்கலாம். வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டி, 1920-இல் வாட்சனும் ரேனரும் வெளியிட்ட ஆய்வில் அக்குழந்தைக்கு அச்சம் பழக்கப்படுத்தப்பட்டது. பின்னர் அந்த அச்சம் நீக்கப்பட்டதாகச் சில பாடநூல்கள் எழுதின என்பதை 1979-இல் ஹாரிஸ் சுட்டிக்காட்டினார். அச்சத்தை நீக்கும் முயற்சி எதுவும் தொடங்குமுன்பே ஆல்பர்ட் மருத்துவமனையை விட்டுச் சென்றுவிட்டான்.