முதல் ஸ்கேன் அறிக்கையைப் படிக்கும் முறை

கருவுற்ற பெண்கள் ஆறாம் வாரத்திலோ எட்டாம் வாரத்திலோ ஸ்கேன் எடுத்துக்கொள்வது நம் அங்கத்தினர் வீடுகளில் இன்று வழக்கமாகிவிட்டது. கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்டும் அவருடைய சகாக்களும் 1958-ல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவிய முறை இது. இதில் ஒலியலை மட்டுமே உண்டு. எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆனால் அறிக்கை ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாக வருவதால் வீட்டார் கலங்கிப்போகின்றனர்.

முதலில் நாட்கணக்கைப் பார்ப்போம். ‘எல்.எம்.பி.’ என்பது கடைசி மாதவிலக்குத் தொடங்கிய நாள். கர்ப்பத்தின் வயதை அந்நாளிலிருந்தே எண்ணுகின்றனர். ஆகவே, ஆறு வாரம் என்று எழுதியிருப்பின் கரு உண்டாகி ஏறக்குறைய நான்கு வாரமே ஆகியிருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்க்கு இக்கணக்கே பிசகக்கூடும். விதைத்த நாளைத் தவறாகக் குறித்துக்கொண்டு, முளையைக் காணோமே என்று வருந்துவது போன்றது அது.

ஐந்தாம் வாரத்தையொட்டிக் கருப்பையினுள் சிறு நீர்ப்பை தெரியும்; இது ‘ஜி.எஸ்.’ சில நாட்களில் அதனுள் ‘யோக் சாக்’ என்னும் மஞ்சட்கருப்பை தோன்றும். அதன் பின் கரு. கருவின் தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளமே ‘சி.ஆர்.எல்.’ ஆறாம் வாரத்தளவில் இதயத் துடிப்பும் புலப்படும். அது தாயின் நாடியினும் விரைந்து துடிப்பது இயல்பே.

‘துடிப்புக் காணப்படவில்லை’ என்ற ஒரு வரிதான் குடும்பத்தை நிலைகுலையச் செய்வது. அவ்வரியைப் படித்ததும் அடுத்து சி.ஆர்.எல். எண்ணைப் பார்க்க வேண்டும். யோனி வழியாக எடுத்த ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பில்லையெனில், கர்ப்பம் நிலைக்கவில்லை என்று கொள்ளலாம். நீர்ப்பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு இல்லையெனினும் அவ்வாறே. இவற்றிற்குக் குறைவாயின் தீர்ப்புக் கூற இயலாது; 7 முதல் 14 நாட்களுக்குள் மறுபடி பார்ப்பதே முறை. முன்னர் 5 மில்லிமீட்டரிலேயே முடிவு கட்டும் வழக்கம் இருந்தது. நல்ல கருவும் அதனால் அழிந்துபோகலாம் என்றுணர்ந்து, அமெரிக்காவில் 2012-ல் கூடிய நிபுணர்கள் அளவை உயர்த்தினர். ஒரே கருவை இருவர் அளந்தால் மில்லிமீட்டர் அளவில் வேறுபடுவது உண்டு. துணியை அளந்து பழகிய நமக்கு இது புதிதன்று. ஆகையால், கருவைக் கலைக்கும் மாத்திரையை எழுதித் தந்தால், ‘மறு ஸ்கேன் வேண்டாமா, டாக்டர்?’ என்று கேட்கத் தயங்கலாகாது.

ஆனால் ஒன்றில் காத்திருத்தல் கூடாது. சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தும், கருப்பையில் பை காணப்படாமல் அடிவயிற்று வலி, உதிரப்போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். அன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

கரு தங்காமற்போனால், தறியில் உட்கார்ந்ததால் வந்தது என்று மருமகளைக் கடிந்துகொள்வோரும் நம்மிடையே உளர். தொடக்க மாதங்களில் நேரும் இழப்புகளில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் பிழையே. அதற்கு எவரும் பொறுப்பல்லர்.

ஆணா பெண்ணா என்பது இந்த ஸ்கேனில் தெரியாது. எந்த ஸ்கேனிலும் அதைக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மறு ஸ்கேனுக்குப் போகையில் பழைய அறிக்கையையும் எடுத்துச் செல்க. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கரு வளர்ந்ததா என்பது டாக்டருக்குத் தெரியும்.